சாமி அலமாரிக்குள் ஒரு மோடம்

சாமி அலமாரியில் மோடம் வைக்கக் கூடாது என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வைத்திருக்க மாட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

கோவிலம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன மனையில் கீழே அண்ணன் வீடு, மேலே என் வீடு. என் மகள் தேவி காலேஜில் சேர்ந்தபோது வயர் இல்லாத இன்டர்நெட் வாங்கினோம். செல்போனில் முகம் பார்த்துப் பேச முடியாத காலம் அது. டெலிபோன் வயர் சுவரைத் துளைத்து உள்ளே வந்த இடம் சாமி அலமாரி. அதனால் மோடம் நரசிம்மர் படத்தின் காலடியில் உட்கார்ந்தது. அதன் பச்சை விளக்குகள் மினுக்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பொட்டு வைப்பேன். ("ஓட்டை அடைச்சிக்கும்பா!" என்று தேவி கத்துவாள். குங்குமம் வைத்து எது கெட்டிருக்கிறது?)

ஒருநாள் விடியற்காலை அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். அவருக்கு ஒரே பிள்ளை, முரளி. அமெரிக்காவில் வேலை. அவன் வந்து சேரும்வரை வைத்திருக்க முடியாது, இன்றே எடுத்துவிட வேண்டும் என்று அண்ணியின் தம்பி முடிவு சொல்லிவிட்டார்.

முரளி போனில் அழுதான். "சித்தப்பா, அப்பா மூஞ்ச ஒரு தபா காட்டிடு சித்தப்பா."

"நான் கீறேன்டா. நம்ம வூட்ல வயரே இல்லாத நெட்டு. பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி பாப்ப." (பிணத்தை வைத்துக்கொண்டும் பெருமை பேசியிருக்கிறேன்.)

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தேவி லேப்டாப்பைத் திறந்தாள். நெட் வரவில்லை.

மூடித் திறந்தோம். அணைத்துப் போட்டோம். லேப்டாப்பைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று நாலு திசைக்கும் காட்டினேன். ஒப்பாரி நின்றுவிட்டது. "பாவம், அண்ணன் போனதுல புத்தி பேதலிச்சிடுச்சி" என்றாள் ஒருத்தி.

மோடத்தைப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்களுக்குத் தீட்டு. அண்ணன் மூச்சு நின்றதும் நான் செய்த முதல் வேலை, மேலே ஓடி, சாமிக்கு எரியும் சிவப்பு பல்பை அணைத்து அலமாரிக் கதவைச் சாத்தியதுதான். கருமாதி முடியும்வரை எங்கள் கை அதில் படக் கூடாது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், மோடத்துல லைட் எரியுதா?"

"பாக்க முடியாதும்மா. தீட்டு."

"சார்?"

"சாமியோட உள்ள கீது. நாங்க பங்காளிங்க. தொறக்கக் கூடாது."

பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது வந்திருக்காது. "எப்ப சார் திறப்பீங்க?"

"பதினாறாம் நாளு."

"அப்ப... கம்ப்ளைன்ட் எடுத்துக்கவா சார்?"

"வேத்து மனுஷங்க யார்னா தொறக்கட்டுமே!" என்றாள் என் மனைவி சரசு. எதிர்வீட்டு டீச்சரம்மாவைக் கேட்டோம். அவர் அப்போதுதான் அண்ணனுக்கு மாலை போட்டிருந்தார். "தலைக்கு ஊத்திக்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று வீட்டுக்கு விரைந்தார்.

அண்ணியின் தம்பி கத்தினார். "எமகண்டம் வருதுபா! எவ்ளோ நேரம் அந்தப் பொட்டிய நோண்டிகினு இருப்ப? தூக்குங்கடா!"

என் கையில் செல்போன் அடித்தது. முரளி.

"சித்தப்பா... தூக்கிட்டாங்களா?"

அவன் குரலில் அழுகைகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தீட்டோடு மாடிப்படி ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கண்ணைத் திறந்தால் உள்ளே ஒரே இருட்டு. சிவப்பு பல்புக்கும் மோடத்துக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஒரே சுவிட்ச். காலையில் பக்தியோடு அதை அணைத்தது இந்தக் கைதான்.

சுவிட்சைப் போட்டேன். மோடம் உடனே எழுந்துவிடுமா? முதல் விளக்கு வந்தது. இரண்டாவது மினுக்கியது, அணைந்தது, மறுபடி மினுக்கியது. கீழே சங்கு ஊதினார்கள். வாழ்நாளில் நான் அப்படி வேண்டியதில்லை, ஒரு பச்சை விளக்குக்காக.

எரிந்தது. "வந்துடுச்சிப்பா!" என்று கீழே தேவி அலறினாள்.

அதற்குள் பாடை தோளுக்கு ஏறிவிட்டது. தேவி லேப்டாப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். கேட்டைத் தாண்டியதும் படம் அப்படியே நின்றுவிட்டது. முரளிக்குக் கிடைத்தது ஒரு மாலை, அண்ணனின் பாதி முகம், நெற்றியில் ஒட்டிய ஒற்றை ரூபாய். "போதும் சித்தப்பா" என்றான். எனக்குப் போதவில்லை. இன்றுவரை போதவில்லை.

கருமாதி முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு நின்றேன். ஒரு பிள்ளை கூப்பிட்டதற்காகத் தூணைப் பிளந்து வந்தவர் அவர். நான் திறந்தது ஒரு பிளைவுட் கதவு. கோபித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மோடம் இப்போது செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிறது. அங்கே எந்தத் தீட்டும் இல்லை. ஆனாலும் நெட் நின்றுபோனால் சரசு முதலில் என்னைத்தான் பார்ப்பாள்: "போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு வாங்க."

அமெரிக்காவிலிருந்து பேசும்போது படம் நின்றால் முரளியும் அதையேதான் சொல்கிறான். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசுவதில்லை. நெட் நன்றாகத்தான் இருக்கும்.