அய்யப்பன் பாட்டுக்கு ஓர் ஆட்சேபணை

இலுப்பூர்,
ஐப்பசி 9

அன்பு மகன் வெற்றிசெல்வனுக்குப் பெரியப்பா சோலையப்பன் எழுதிக்கொள்வது. துபாயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நானும் உன் அம்மா செவந்தியும் இருக்கிறோம், சுகத்தைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுகிறாய், அதனால்தான் கடிதம்.

கச்சேரி மேடைகளில் முப்பது வருஷம் பாடிய உன் அப்பா, என் தம்பி அய்யப்பன், போய்ச் சேர்ந்து ஏழு மாசம்தான் ஆகிறது. அவன் செல்போனில் பதிவு பண்ணி ஒரு சரணத்தோடு நிறுத்திய பாட்டை வருஷத் திதிக்கு வெளியிடுகிறேன் என்று நீ புதுக்கோட்டை ஸ்டுடியோக்காரர் ஜெபக்குமாரிடம் கொடுத்தாலும் கொடுத்தாய், என் நிம்மதி போச்சு. அவர் ரெண்டாவது சரணத்தைத் தானே எழுதி, உன் அப்பா குரலில் கம்ப்யூட்டரைப் பாட வைத்துவிட்டார். துக்க வீடு என்று நாங்கள் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டிகூட வைக்கவில்லை, அவரோ பஸ் ஸ்டாண்டு எதிரே 'அய்யப்பனின் புதிய பாடல், விரைவில்' என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்துப் பொன்னமராவதித் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் வெத்தலை பாக்குத் தட்டோடு வந்துவிட்டார்கள். ஆள் இறந்துபோயாச்சு என்றேன். “அப்பப் புதுப் பாட்டு யாருங்க பாடுனது?” கம்ப்யூட்டர் என்றேன். “சரிங்க, அதையாச்சும் அனுப்பி வைங்க” என்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

பாட்டைக் கேட்க உன் அம்மாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செல்போன் பதிவில் உன் அப்பா நடுவில் நிறுத்தி, “செவந்தி, ஃபேனை அமத்து” என்பான் இல்லையா? வீட்டில் அந்த இடம் வந்ததும் உங்கம்மா எந்திரிச்சுப் போய் ஃபேனை அமத்திருவா, ஏழு மாசமா நாங்க வேர்த்து ஒழுகத்தான் அந்தப் பாட்டைக் கேக்குறோம். ஜெபக்குமார் அதை வெட்டிட்டார். அவன் மூச்சு வாங்குறதையும் சுத்தமாத் தொடைச்சிட்டார். உங்கம்மா முழுசும் கேட்டுட்டு, “நல்லாத்தான் இருக்கு, யாரு பாடுறா?”ன்னா. நாலு பேர் இருக்காங்கன்னும் பாக்காம எனக்கு அழுகை வந்துருச்சுப்பா.

முடிக்காததை ஊர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்த உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. மிச்சத்தைப் பாட எவனுக்குமே இல்லை. கிராம நிர்வாக அலுவலரா எத்தனையோ ஆட்சேபணை மனு வாங்கியிருக்கேன், நான் குடுக்குற மொத மனு இதுதான். நிப்பாட்டிருப்பா.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உன்னைக் கைவிடாது.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன். ரெண்டாவது சரணம் இருக்கு. போன வருசம் ஆடியில, புதுக்கோட்டை பஸ்ஸுல வரும்போது எனக்குப் பாடிக் காட்டினான். “சகிக்கலடா, மொத சரணத்தோட விட்டுரு”ன்னு நான்தான் சொன்னேன். சிரிச்சான். அப்புறம் அதைப் பாடவே இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கலை. இப்பக் கதவைச் சாத்திக்கிட்டு நானே பாடி உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கேன், மூணாவது தடவையிலதான் அழாம முடிச்சேன். கம்ப்யூட்டர் பாடினதை எடுத்துட்டு இதைச் சேத்து வெளியிடு. நல்ல சரணம்தாம்ப்பா அது.