என்னை விட்டுவிட்டுப் போன தீயணைப்பு வண்டி

தீயணைப்பு நிலைய அதிகாரியும் என் மகளின் கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

சென்ற வாரம் எங்கள் குடியிருப்பில் நடந்த தீ ஒத்திகையில், உங்கள் வீரர்கள் எரிகிற கட்டடத்துக்குள் என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடம் எரியவில்லை என்பது வேறு விஷயம். எரிவதாக வைத்துக்கொள்ளச் சொன்னது அவர்கள்தான். நான் வைத்துக்கொண்டேன், அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. கடிதத்தின் தலையில் எழுத வேண்டிய நல விசாரிப்பைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் நியாயம், பிறகு நலம்.

இந்தக் கடிதம் இரண்டு பேருக்கு எழுதப்படுகிறது, இரண்டு பேரும் நீங்கள்தான். "அதிகாரி அவர்களே" என்று வரும் இடத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு படியுங்கள். "மாப்பிள்ளை" என்று வரும் இடத்தில் கழற்றி வைத்துவிடலாம். இப்போதைக்குத் தொப்பி தலையிலேயே இருக்கட்டும்.

அதிகாரி அவர்களே, நான் தீயைப் பற்றித் தெரியாதவன் அல்ல. பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டுவிட்டது, நான் படிப்பை விடவில்லை. பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சுவரில் தொங்கிய தீயணைப்பான்களின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவன், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. எண்ணெயில் பிடித்த தீக்கு எது, மின்சாரத்தில் பிடித்த தீக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் குடியிருப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளராக என்னைப் போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பதவிக்கு வேறு ஆளே வரவில்லை என்று என் மகள் சொல்வாள், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் தினமும் காலையில் உட்கார்ந்து உங்கள் வேலையைக் கவனிக்கிறேன். தீ அணைப்பது உங்கள் வேலையில் கால் பங்குகூட இல்லை என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். விரலில் மோதிரம் இறுகிப்போனவர் அழுதுகொண்டே வருகிறார், சிரித்துக்கொண்டே போகிறார். மழை வந்தால் தாழ்வான தெருக்களுக்குப் படகை இறக்குகிறீர்கள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள். இவ்வளவும் பார்த்துப் பெருமைப்பட்டவனைத்தான் உள்ளே வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஒத்திகையைக் கேட்டு மனு கொடுத்தவனே நான். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்த நாளில், இந்த நேரத்தில் தீ ஒத்திகை என்று கீழே நோட்டீஸ் ஒட்டச் சொன்னீர்கள். தீ என்ன, நோட்டீஸ் ஒட்டிவிட்டா வரும்? கீழ்வீட்டுத் தம்பதி தலைவாரி, பவுடர் போட்டு, பொழுதுபோகாமல் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடி கணக்கு வாத்தியார் சைரன் அடிப்பதற்கு முன்பே நாற்காலியோடு இறங்கி, நிழலான இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தீப்பிடித்த வீட்டிலிருந்து நாற்காலியோடு தப்பித்தவரை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதனால் ஒரு முடிவு எடுத்தேன். இந்தக் கட்டடத்தில் ஒருவராவது ஒழுங்காக மாட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் என்ன போட்டிருக்கிறது? படிக்கட்டில் புகை இருந்தால் இறங்காதே, ஜன்னல் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்து, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணி, ஜன்னலில் துணியை ஆட்டு. என் வீட்டில் தண்ணீரும் தெருவைப் பார்த்த ஜன்னலும் சேர்ந்திருக்கும் அறை குளியலறை. போனேன், சாத்தினேன், திணித்தேன். குளிப்பதற்காக அல்ல.

வண்டி தெருமுனையில் திரும்பியதை அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, அதை எப்படி எழுதுவேன். அவ்வளவு பெரிய சிவப்பு வண்டி, வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கு நடுவில், ஒன்றில்கூட உரசாமல், உங்கள் மீசை டிரைவர் ஒரே வெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரம் நிற்பதற்குள் ஆட்கள் குதித்தார்கள். சுருட்டி வைத்திருந்த குழாயை ஒருவர் உருட்டிவிட, அது தெருவில் தானாகவே விரிந்துகொண்டு ஓடியது. ஏணி எழும்ப எழும்ப நானும் நுனிக்காலில் எழும்பினேன். கைதட்டியிருப்பேன், புகையில் மாட்டிய மனிதன் கைதட்ட மாட்டான் என்பதால் அடக்கிக்கொண்டேன். துண்டை மட்டும் ஆட்டினேன். தோள் வலிக்கும்வரை ஆட்டினேன். மீசை டிரைவர் அண்ணாந்து என் ஜன்னலைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிற்பாடு கேட்டதற்கு, குளியலறை ஜன்னலில் துண்டு ஆடினால் காயப்போட்டிருக்கிறது என்றுதானே நினைப்போம் என்றார். காற்றே இல்லாத நாளில் அப்படி என்ன ஆட்டம் ஆடிக் காயும் துண்டு அது என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஏணிக்காரம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த வீராங்கனை படியேறி வந்து என் வீட்டு வாசல் கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. ஏன் பதில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். புகையில் மயங்கியவன் எப்படிப் பதில் சொல்வான்? நான் அந்த நேரத்துக்கு மயங்கிவிட்டதாக வைத்துக்கொண்டிருந்தேன். கதவு பூட்டாமல்தான் இருந்தது, ஆனாலும் அவர் உள்ளே வராமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு கீழே மைக்கில் வீடு வீடாகக் கூப்பிட்டுத் தலை எண்ணினார்கள். என் வீட்டு முறை வந்ததும் வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே குரல் கொடுத்தார்.

"வந்தாச்சு, வந்தாச்சு. இங்கதான் எங்கயாவது யார்கிட்டயாவது சண்டை போட்டுட்டு நிப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மைக் பிடித்தவரும் சிரித்தார். ஆள் இருப்பதற்கு அடையாளம் ஆள்தானே, அதிகாரி அவர்களே? அந்த ஆள் போடுகிற சண்டையா அடையாளம்? விசில் ஊதினார்கள், கட்டடம் காலி என்றார்கள், எல்லோரையும் தெருமுனைக்கு அழைத்துக்கொண்டு போய்த் தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்கள். நான் நியாயம் கேட்கலாம் என்று வெளியே வரக் கதவை இழுத்தால், திணித்து வைத்த ஈரத்துணி ஊறிப் பருத்துப் பாறையாக உட்கார்ந்திருக்கிறது. இன்னும் பலமாக இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கத்தினேன், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, அத்தனை பேரும் தெருமுனையில் நுரை அடிக்கும் வேடிக்கையில் இருந்தார்கள். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியில் வாத்தியாரின் மனைவிதான், குழாய்கள் இறங்கும் சந்து வழியாக என் குரல் வருவதைக் கேட்டு, குழாய்க்குள் யாரோ உங்களைத் திட்டுகிறார்கள் என்று நிலையத்துக்குப் போன் செய்தார். மறுபடியும் வண்டி வந்தது. மாப்பிள்ளை, இது நிஜ அழைப்பு என்று சைரனிலேயே தெரிந்துவிட்டது. ஒத்திகைக்கு வரும்போது மீசை டிரைவர் அதை ரசித்து ரசித்து அடிப்பார். இந்த முறை அடித்தாரே, நான் வாளியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று ஏறி வந்தது. ஏணிக்காரம்மா ஒரு கம்பியை இடுக்கில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார், வண்ணம்கூட உதிராமல் கதவு திறந்தது. எத்தனை அழகான வேலை தெரியுமா. மூச்சு விட முடிகிறதா என்று கேட்டார். இந்தக் கேள்வியை ஒத்திகையிலேயே கேட்டிருக்கலாமே என்றேன். அவர் கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் உங்கள் நிலைய வாசலில் அன்றன்றைய அழைப்புகளைச் சாக்பீஸால் எழுதும் கரும்பலகை இருக்கிறதே, அதில் எழுதினார்கள்: பூனை, மரத்தில். முதியவர், குளியலறையில். தேன்கூடு, பள்ளியில். பூனைக்கும் தேனீக்கும் நடுவில் நான். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மகள் அதைப் படித்திருக்கிறாள். எந்த முதியவர் என்று கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறார்கள். பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நேராக இங்கே வந்தாள், மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அப்பா, தனியா இருந்தது போதும். நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

"பலகையில எழுதுனா வந்துடணுமா? நான் என்ன பூனையா?"

"பூனை தானாவே இறங்கி வந்துடுச்சாம்பா."

அந்தப் பூனை மேல் வந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன். அவள் அழுதாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து என் கட்டில், பீரோ எல்லாவற்றையும் ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மாப்பிள்ளை, இப்போது தொப்பியைக் கழற்றுங்கள். உங்கள் அத்தை போன பிறகும் இந்த வீட்டில் நான் இருப்பதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. இங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. படிக்கட்டில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் எடுக்கச் சொல்வது நான். மீட்டர் பெட்டிக்குக் கீழே பழைய செய்தித்தாளைக் கட்டி வைத்தால் சத்தம் போடுவது நான். என்னைக் கண்டால் எரிச்சல்படுகிறார்கள், எரிச்சல்பட்டாலும் எடுக்கிறார்கள். உங்கள் வீட்டில் நான் யார்? மருந்து சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரிக்கப்படுகிறவன். ஜன்னலோரம் வைத்த பூந்தொட்டிக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அது பதில் பேசாது. அதற்காக நான் வரமாட்டேன்.

ஆகவே அதிகாரி அவர்களே, தொப்பி. பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, "ஒத்திகையில் தலை எண்ணும்போது விடுபட்டவர், மூன்றாம் மாடி" என்று திருத்தி எழுத வேண்டும். அது ஒரு நாள் முழுக்க ஊர் பார்க்க இருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டாமல், யாருக்கும் சொல்லாமல், மறுபடியும் ஒத்திகை நடத்த வேண்டும். அதுவரை இந்த வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன்கூட வெளியே போகாது. வேன் வந்தால் டிரைவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இனி நலம். நான் நலமாக இருக்கிறேன், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. நீங்களும் மகளும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் போகிற இடமெல்லாம் தீ சிறியதாகவும் தண்ணீர் பெரியதாகவும் இருக்கட்டும். போன அத்தனை பேரும் ஒரு தலை குறையாமல் திரும்பி வரட்டும். இதை மாமனாராகவும் சொல்கிறேன், மனுதாரராகவும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காப்பாற்றப்படாத உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஏணிக்காரம்மா வந்துவிட்டார். சீருடை இல்லை, விடுமுறையாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, அன்னைக்குக் கதவைத் தட்டினது நான்தான். உள்ள வந்து பாத்திருக்கணும். வந்தாச்சுன்னு கீழ சொன்னாங்க, நம்பிட்டேன். நிஜப் புகையா இருந்திருந்தா நீங்க இப்ப இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. நிலையத்துக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களாம். பின்கட்டில் இருக்கும் பயிற்சிக் கட்டடத்தில் புகை போட்டு, உள்ளே ஒருவரை ஒளித்துவைத்து, தேடப் பழக்க வேண்டுமாம்.

"எங்க ஆளுங்க எல்லாரும் கண்டுபிடிக்கட்டும்னே ஒளியறாங்க ஐயா. இருமுறாங்க, கால நீட்டுறாங்க. உங்கள மாதிரி வம்பா ஒளியறதுக்கு எங்ககிட்ட ஆள் இல்ல. தினமும் காலையில வர முடியுமா?"

புகைக்கு எதைப் போடுவார்கள் என்று கேட்டேன். நெஞ்சுக்குக் கெடுதல் இல்லாத நாடகப் புகையாம். நான் தினமும் எதிர் பெஞ்சுக்கு வருகிறவன் என்று தெரிந்தும், விடியற்காலையில் மூன்று மாடி இறங்கி அவ்வளவு தூரம் வருவது கஷ்டமாயிற்றே என்று அவரே யோசித்தார். நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், அதாவது உங்கள் வீடு இருக்கும் சந்தில், யாராவது தெரிந்தவர் வீடு இருக்கிறதா என்றும் அவரே கேட்டார். இதில் என் மகளின் கை இருக்கிறதா என்றேன். அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். இருந்தால் இருக்கட்டும். வேலை வேலைதான்.

எனவே மேலே எழுதியவற்றைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். இனிமேல் ஆக வேண்டியவை: வேனை ஞாயிற்றுக்கிழமைவரை காக்க வைக்காமல் சனிக்கிழமையே என் மகள் அனுப்ப வேண்டும். பீரோவை இறக்க மீசை டிரைவர் வர வேண்டும், அதன் மேல் துணி காயப்போடக் கூடாது. படிக்கட்டையும் மீட்டர் பெட்டியையும் இனி வாத்தியார் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டால் இரண்டும் தெரியும். நாடகப் புகைக்கு ஏணிக்காரம்மா ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் எனக்கு எந்த அறை என்பதை என் மகள் யாரிடமும் சொல்லக் கூடாது, உங்களிடமும் சொல்லக் கூடாது. சாப்பாடு தயாரானதும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள், மாப்பிள்ளை. தொப்பியோடு வர வேண்டும்.