முன்மொழிந்தது யார்?

ஒரு தீர்மானம் நல்லதா கெட்டதா என்று, அதைக் கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்காமல் உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்கிறீர்கள். வெண்டல் ஸ்டூபரும் அப்படித்தான் சொல்வார்.

கட்சி விசுவாசி என்றொரு இனம் உண்டு. வெண்டல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு மூலையில் அந்த இனத்தின் மாவட்டத் தலைவர். எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? பார்த்தீர்களா, சிரிப்பதா கோபிப்பதா என்று முடிவுசெய்ய உங்களுக்கும் அது தேவைப்படுகிறது.

"நம்ம கூடாரம் ரொம்பப் பெருசு, எல்லாருக்கும் இடமிருக்கு" என்றுதான் வெண்டல் எந்தக் கூட்டத்தையும் தொடங்குவார். பொய்யில்லை. துப்பாக்கிக் கடைக்காரர், வெல்டர் சங்கச் செயலாளர், வரியே கூடாது என்னும் பல் மருத்துவர், வரி போதாது என்னும் ஆசிரியை, உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்னும் போதகர், கடவுளே இல்லை என்னும் பன்றிப்பண்ணைக்காரர் என்று கட்சியின் மாவட்டக் குழுவில் இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு மூளைகள். ஓட்டுக்கு விட்டால் ஒரே கை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நூலகக் கூடத்தில் காப்பியும் டோனட்டுமாகக் கூடியது லொரெட்டா க்வின்டைக் கண்டிக்க. மாவட்டத்தை ஆளும் மூன்று உறுப்பினர்களில் லொரெட்டாவையும் சேர்த்து இரண்டு பேர் இந்தக் கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஒரே ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடக்கூடாது என்று எதிர்க்கட்சிக்காரர் தீர்மானம் கொண்டுவந்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்த லொரெட்டா, முதல் வாக்கெடுப்பில் சொந்தக் கட்சியை விட்டு அவரோடு ஓட்டுப் போட்டுவிட்டார். செவ்வாயன்று இறுதி வாக்கெடுப்பு. லொரெட்டா மாறினால் நிலையம் மூடப்படும். மாறாவிட்டால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து வேறொருவரை நிறுத்துவார்கள்.

லொரெட்டா எழுந்து ஒரு தாளை வாசித்தார். "'ஆற்றின் இரு கரையிலும் ஆம்புலன்ஸ் நிலையம் இருப்பது மக்களின் உரிமை.' இதுல என்ன தப்பு, வெண்டல்?"

"தப்பா? விஷம். அவங்க எழுத்து எனக்குத் தெரியாதா? முதல் வரியிலேயே நாத்தம் அடிக்குது."

"இது நம்ம கொள்கை அறிக்கை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நீங்க எழுதினது. கீழ உங்க கையெழுத்து."

வேறு ஆளாக இருந்தால் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை ஒளித்திருப்பார். நம் ஆள் யார்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"நாம சொன்னப்போ அது கொள்கை, லொரெட்டா. அவங்க சொன்னா சூழ்ச்சி."

பல் மருத்துவர் தலையாட்டினார். கடவுளை மறுத்தவர் போதகரைப் பார்த்தார், போதகர் கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். வானத்திலிருக்கும் எஜமானனைக் கேள்வி கேட்கத் துணிந்த மனிதன், பக்கத்து நாற்காலியைக் கண்டு பயந்துபோனான். கண்டனம் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் லொரெட்டா மட்டும்.

பிறகு வெளியே, வாகன நிறுத்துமிடத்தில் ஜனநாயகம் மலர்ந்தது. கார்க் கதவைத் திறக்கவிடாமல் ஒவ்வொருவராக வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க செஞ்சதுதான் சரி" என்று லொரெட்டாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். லொரெட்டா எண்ணினார். பதினாறு பேர். கடைசியாக வந்தவர் வெண்டல்.

"செவ்வாய்க்கிழமை மாறிடாதீங்க, லொரெட்டா."

"என்னது?"

"எங்க வீடும் வடகரைதானே. டோரிஸுக்கு மூச்சுத்திணறல் வந்தா தென்கரையிலேர்ந்து வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ தாங்க மாட்டா." மனைவியின் பெயரைச் சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது.

"அப்ப உள்ள எதுக்குய்யா என்னைக் கண்டிச்சீங்க?"

"உள்ள கட்சி இருந்துச்சே."

லொரெட்டா காரில் ஏறினார். "மாற மாட்டேன். டோரிஸ்கிட்ட சொல்லுங்க, என்னைக் கண்டிச்சதையும் சேர்த்து."

வெண்டலைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் கட்சியின் அடுத்த கூட்டம் என்றைக்கு? வாசலில் ஒருவர் காதில் மட்டும் சொல்வதற்கென்று நீங்கள் எடுத்துவைத்திருக்கிறீர்களே ஒரு வாக்கியம், அதை அன்றைக்கு உள்ளேயே, எழுந்து நின்று சொல்லுங்கள்.