மைதானத்து முட்டி வைத்தியர்

நெய்வேலியில் நிலக்கரியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். முழங்கால் வைத்தியம் அப்படியில்லை, கேட்காமலே கிடைக்கும். காலையில் டவுன்ஷிப் மைதானத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு லேசாக நொண்டிப் பாருங்கள். மைதானத்து முட்டி வைத்தியர் வந்து நிற்பார்.

எங்கள் மைதானத்தில் அவர் பெயர் அறிவுச்செல்வன். சுரங்கத்தில் நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு, பெர்மனென்ட் வேலை. குதிகால் வலியா, வெறுங்காலில் ஓடு என்பார். முட்டி வலியா, படியேறு என்பார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதா, இன்னும் ரெண்டு சுற்று ஓடு என்பார். எதுவுமே வலிக்கவில்லையா, உன் ஓட்டமே சரியில்லை என்பார். மருந்து எத்தனை இருந்தாலும் ஓய்வு என்ற ஒன்று மட்டும் அவர் கடையில் கிடையாது. அவர் பேன்ட்டுக்குள் வலது முட்டியில் ஒரு எலாஸ்டிக் பட்டை இறுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

மைதானத்தில் ஓடிப் பழகும் வினோலியா அவரிடம் மாட்டியது போன மாதம். இருபத்தைந்து நாளில் போலீஸ் தேர்வு ஓட்டம், வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தொட்டாலே வலி. பத்து நாள் ஓடாதே, எலும்பில் விரிசல் விழுந்தால் தேர்வே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாவம், பயந்துபோயிருந்தாள்.

“டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஓடிக்கினே இரும்மா, வலி தானா வுட்டுடும்.”

“அங்கிள், உங்க கன்வேயர் பெல்ட்டுல ரோலர் சத்தம் போட்டா ஓட்டிக்கினே இருப்பீங்களா?”

“அதெப்படி? உடனே நிறுத்திடுவோம். வுட்டா பெல்ட்டே கிழிஞ்சிடும்ல!”

“என் காலும் சத்தம் போடுதுங்க.”

வைத்தியர் அடுத்து நொண்டுகிறவரைத் தேடிப் போனார். வினோலியா வீட்டுக்குப் போனாள். பத்து நாள் ஓடவில்லை. பிறகு மெல்ல ஆரம்பித்து, தேர்வில் ஓடி, தேறியும் விட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வைத்தியர் திருந்தினாரா? இப்போது முட்டி வீங்கி கேலரியில் உட்கார்ந்திருக்கிறார். நொண்டுகிறவர்களை அங்கிருந்தே கூப்பிடுகிறார்: “ரெஸ்ட் எடுப்பா! வினோலியாவுக்கே நான்தான் சொன்னேன்.”

சிரிக்கிறீர்களா? சரி. முன்னெலும்பு வலி என்று படித்தவுடனே, அதற்கு நம்மிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறதே என்று உங்கள் நாக்கு துறுதுறுத்ததே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? கேலரியில் அவர் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருக்கிறது.