உள்ளங்கால் ஸ்டிக்கரும் ஒரு மௌன விரதமும்

போளூர் மச்சான் அருணகிரி அவர்களுக்கு, வேங்கிக்காலிலிருந்து அர்ஜுனன் வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடல் நலம். மன நலத்தை மட்டும் கேட்காதீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை மணியம்மாள் காதில் விழும், அப்புறம் தெருவுக்கே விழும். அதனால்தான் கடிதமாக எழுதி, சாயங்கால பஸ்ஸில் அங்கே வரும் பக்கத்து வீட்டு மணிவேல் கையில் கொடுத்து அனுப்ப இருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் உங்கள் மருமகன் இனியனைப் பற்றியது. அவன் தொழில் உங்களுக்கே தெரியும். அடுத்தவன் பொருளைப் பத்தி இவன் போன்ல பேசி வீடியோ போடுவான், இவன் கொடுக்கிற லிங்க்கைத் தட்டி யாராவது வாங்கினா இவனுக்குக் கமிஷன். சரி, பேசறதுதான் பேசறே, ஜனங்க வாங்கற மிக்ஸி, குக்கரைப் பத்திப் பேசேண்டான்னா, "அதை ஆயிரம் பேர் பேசறாங்கப்பா, என்னை எவன் பாப்பான்? யாரும் சீண்டாத பொருளா எடுக்கணும், அது யாருக்குத் தேவையோ அவங்களை மட்டும் புடிக்கணும்"னு எனக்கே பாடம் எடுக்கிறான். அப்படி எடுத்ததுதான் இந்த உள்ளங்கால் ஸ்டிக்கர். கிரிவலம் வெறுங்கால்லதானே சுத்தணும்? ரப்பரை உள்ளங்கால்ல ஒட்டிக்கிட்டா செருப்பு போட்ட தோஷமும் இல்ல, தார் ரோடு சுடவும் சுடாதாம். வீடியோவுல இவன் முகம் கிடையாது. காலும் குரலும்தான். நானே பாத்தேன், நல்லாத்தான் பேசறான், பாழாப்போனவன்.

ஒருத்தரும் வாங்கலன்னு மூஞ்சைத் தொங்கப் போட்டுகிட்டிருந்தான். கடைசியில ஒரே ஒருத்தர் வாங்கினார். அது யாருன்னு கேளுங்க. அடி அண்ணாமலை சடையன். நம்ம இனியனுக்குப் பேசி வெச்சிருக்கோமே சினேகா, அந்தப் பொண்ணோட அப்பா.

போன பௌர்ணமிக்கு அதை ஒட்டிக்கிட்டு மலையைச் சுத்திட்டு கோயில் வாசலுக்கு வந்திருக்கார். செருப்பு பாத்துக்கிற அம்மா "செருப்பைக் கழட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லியிருக்கு. இது செருப்பு இல்லம்மான்னு இவரு. அப்ப என்னன்னு அந்த அம்மா. கழட்டலாம்னு குனிஞ்சா, தோலோட வருதாம். பின்னால கூட்டம் நெருக்க, பௌர்ணமியும் அதுவுமா சாமி பாக்காமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கார். அது இன்னும் காலை விட்டு வரலையாம். நேத்து எனக்கே போன் போட்டு, "சம்பந்தி, அந்தக் குரல் என் காதுல விழட்டும், அன்னிக்கு இருக்கு அவனுக்கு"ன்னு பொருமறார். அந்நேரம் பாத்து உள் ரூம்ல இவன் "வணக்கம் மக்களே"ன்னு அடுத்த வீடியோவுக்கு ஆரம்பிச்சுட்டான். "யாருங்க அது?"ன்னார். ரேடியோங்கன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

பொண்ணு பாக்கப் போனப்போ இவன் வெக்கப்பட்டுகிட்டு கேசரிக்குத்தான் வாயைத் திறந்தான். பொண்ணுகிட்ட மட்டும் தனியா கொஞ்சம் பேசினான். அதனால அவருக்கு இன்னும் இவன் குரல் தெரியாது. வேலையும் ஏதோ கம்ப்யூட்டர்லன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை நம்ம வீடு பாக்க வர்றாங்க. இதுக்கு முன்ன வந்த இடமெல்லாம், பையன் வேலை என்னன்னு கேட்டதும் காபியைக் கூடக் குடிக்காம எழுந்து போனது உங்களுக்குத் தெரியாததா? இதுவும் போச்சுன்னா அவன் கட்டைப் பிரம்மச்சாரிதான். எனக்கு அதை நினைச்சா சோறு இறங்கல. அதனால ஒரு ஏற்பாடு. இனியன் மௌன விரதம்னு சொல்லிடப் போறேன். ஆசிரமம் பக்கம் போய்வர்றவங்க வாய் பேசாம இருக்கிறது நம்ம ஊர்ல அதிசயமில்லையே. நீங்க வந்து பக்கத்துல உக்காந்து அவனுக்குப் பதிலா பேசணும். கைவிட்டுடாதீங்க.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். எல்லோரையும் அண்ணாமலையார் காப்பாற்றட்டும், முதலில் என்னை.

இப்படிக்கு,
அர்ஜுனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துடுங்க. கடிதத்தை ஒட்டறதுக்குள்ள அவங்க இன்னிக்கே வந்துட்டாங்க, நாள் நல்லா இருக்குதாம். வாசப்படியிலயே உங்க தங்கச்சி "செருப்பை வெளியே விட்டுட்டு வாங்கண்ணா"ன்னு சடையன்கிட்ட சொல்லிட்டா. எனக்கு உசிரே இல்ல. இனியன் வாயை இறுக்கி மூடிகிட்டு நின்னான். மௌன விரதம்னேன். சடையன், வீடியோவுல வர்ற அவன் காலையே பாத்துகிட்டு, "வாயை மூடிட்டீங்க சரி, காலை மூட மறந்துட்டீங்களே சம்பந்தி"ன்னார். அந்த ஸ்டிக்கரை வாங்கினதே சினேகாதானாம். எதுக்கும்மான்னு இவர் இன்னிக்குக் காலையில கேட்டதுக்கு, "யாருமே வாங்கலப்பா, பாவம்"னு தலையைக் குனிஞ்சுகிட்டாளாம். "எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. என் காலை விட அவளுக்கு இவர் பெருசாயிட்டாரு, இனிமே நான் என்ன சொல்ல? தேதி குறிங்க. மொதல்ல இதை எப்படிக் கழட்டறதுன்னு மாப்பிள்ளை சொல்லட்டும்"னார்.

மாப்பிள்ளைன்னு அவர் வாயால கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நம்மாளு விரதத்தை முடிச்சுகிட்டு, "அதுக்குன்னே ஒரு எண்ணெய் இருக்கு மாமா, யாரும் ஜாஸ்தி வாங்கறதில்ல, லிங்க் அனுப்பறேன்"ங்கறான்.

ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். குடும்பத்தோட வந்துடுங்க. வரும்போது நல்ல விளக்கெண்ணெயா ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. இனியனுக்குத் தெரிய வேண்டாம்.