ஆர்மிஸ்டிஸ் ஊதாத விசில்

ஒருவரையும் சமாதானப்படுத்தாமலே ஊர்ச் சண்டை அத்தனையையும் நிறுத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் இருந்தார். போன யுத்தத்தில் பட்டாளத்துக் குமாஸ்தாவாக பஸ்ராவுக்குப் போய், ஒரு விசிலும் ஒரு வார்த்தையும் கொண்டுவந்தார். தற்காலிகப் போர்நிறுத்தத்துக்கு வெள்ளைக்காரன் சொல்லும் ஆர்மிஸ்டிஸ் என்ற அந்த வார்த்தையே அவருக்குப் பெயராகிவிட்டது.

குழாயடியில் குடம் பறந்தால் விசில் ஊதுவார். "ஆர்மிஸ்டிஸ். தண்ணி பிடிச்சு முடியற வரைக்கும். அப்புறம் விட்ட எடத்துலேருந்து திட்டிக்கோங்கோ." அந்தச் சத்தத்துக்குத் தெரு நாய்கூடக் கவ்விய வேட்டியை விட்டுவிடும்.

"ஓய், சமாதானம்னு சொல்லித் தொலையுமேன்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"அது வேற ஓய். சமாதானம்னா யார் மேல தப்புன்னு கேக்கணும். இதுக்குத் துப்பாக்கியைக் கீழே வெச்சாப் போறும். சண்டை உம்மோடதாவே இருக்கும்."

என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. எனக்கும் அண்ணாவுக்கும் பேச்சு இல்லை. கொல்லைத் தென்னைக்கு வேர் அவன் பக்கம், காய் விழுவது என் பக்கம். நடுவில் சுவரே எழுப்பிவிட்டோம். கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி போட வேண்டியவன் உடன்பிறந்தவன். அவன் வந்தால் நான் வரமாட்டேன், நான் வந்தால் அவன் வரமாட்டான்.

"ரெண்டு பேரும் நின்னாத்தான் மணையில உக்காருவேன்" என்றாள் தங்கை. சொன்னால் சொன்னதுதான் அவள்.

பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் யார் மேல் தப்பு என்று ஆரம்பித்து, சண்டையைக் கொழுக்க வைத்து, காபியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆர்மிஸ்டிஸ் வந்தார். பக்கத்துக்கு ஒரு காலாகச் சுவர்மேல் உட்கார்ந்தார். "காப்புக் கட்டறதுலேருந்து கட்டுச்சாதக் கூடை கிளம்பற வரைக்கும் ஆர்மிஸ்டிஸ். அப்புறம் அடிச்சுக்கோங்கோ."

"மரம்?" என்றான் அண்ணா.

"அது அப்புறம்."

விசில் ஊதினார். கல்யாணத்தன்று முதல் பிடிப் பொரி அண்ணா போட்டான், அடுத்தது நான். மூன்றாவதற்கு இரண்டு பேர் கையும் மோதிப் பாதி கீழே கொட்டியது. தங்கை சிரித்துவிட்டாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டுச்சாதக் கூடையோடு கிளம்பினார்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் மறுபடி விசில். "முடிஞ்சது. ஆரம்பிங்கோ."

எதிரெதிரே நின்றோம். எனக்கு விட்ட இடம் மறந்துவிட்டது.

"மடையன்னு சொன்னீர்" என்று எடுத்துக்கொடுத்தார் ஆர்மிஸ்டிஸ்.

"அண்ணாவையா? நான் சொல்லுவேனா?"

"சொன்னான், சொன்னான்" என்றான் அண்ணா. "போறது, விடும்."

"அப்போ நீட்டிச்சிருக்கேன். அடுத்த விசில் வரைக்கும்."

அந்த விசிலை அவர் ஊதவே இல்லை. கடைசியில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆணியில் மாட்டியிருக்கிறேன். குழந்தைகள் அழுதால்கூடத் தருவதில்லை.