அத்தையின் கம்ப்யூட்டருக்கு நான் கொடுத்த வேகம்

புதிதாக வந்த மருமகள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டால் அது அன்று மத்தியானத்தோடு போய்விடும். தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் செய்த தப்புக்கு ஊற்ற எந்தத் தயிரும் கிடையாது. கல்யாணமான புதிதிலேயே இதைத் தெரிந்துகொண்ட பாக்கியசாலி நான்.

என் மாமியாருக்கு (அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) தெங்கேராவில் ஒரு சின்ன அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காதுகுத்து அழைப்பு எல்லாம் தமிழில் அடித்துத் தருவார். மாமா காலமான பிறகு தனியாளாக நடத்தி வந்த கடை. அதன் உயிர், மேசையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு, அத்தை கடையைக் கூட்டி, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, பக்கத்து டீக்கடையில் போய் தே தாரேக் குடித்துவிட்டு வருவார். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நான் ஆயர் குரோவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன் என்பது உண்மை. அதற்கும் கம்ப்யூட்டர் தெரிவதற்கும் சம்பந்தமில்லை என்பதும் உண்மை (தினமும் பஸ்ஸில் போகிறவருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்?). ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே என் சித்தி, "எங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல புலி லா" என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் புலி மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அந்தக் கம்பெனி வேலை அறவே பிடிக்கவில்லை. அத்தையின் கடைதான் பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போவேன். அட்டை மடிக்கவும், பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவவும் விடுவார். கம்ப்யூட்டர் நாற்காலியில் மட்டும் உட்கார விடமாட்டார். எப்படியாவது அந்த நாற்காலியைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

ஒரு சனிக்கிழமை வாய்ப்பு வந்தது. சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் வந்து, திரையில் எழுத்துப் பிழை பார்த்துச் சரி என்றால், உடனே அச்சு. மறுநாள் காலையில் முதல் பத்திரிகையைக் கோயிலில் சாமி முன்னால் வைத்துவிட்டு, குடும்பத்தோடு காடியில் (கார்தான்) ஏறி, சொந்தக்காரர்கள் இருக்கும் எஸ்டேட்டுகளுக்கு, தோட்டம் தோட்டமாகப் பத்திரிகை வைக்கப் போவதாக ஏற்பாடு.

"நான் பாசார்ல காய்கறி வாங்கிட்டு வந்துர்றேன். யாராச்சும் வந்தா உக்கார வை. நீ ஒண்ணையும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு அத்தை கிளம்பினார்.

அவர் முனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு வீடியோவைத் திறந்தேன். பழைய கம்ப்யூட்டரை வேகமாக்குவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் சிரித்த முகத்தோடு சொன்னார். தேவையில்லாத புரோகிராம்களைத் தூக்கு என்றார். தூக்கினேன். பழைய தற்காலிகக் கோப்புகளை அழி என்றார். அழித்தேன். கடைசியாக, எழுத்து வடிவங்கள் (ஃபாண்ட் என்பார்களே, அவை) நிறைய இருந்தால் கம்ப்யூட்டர் திணறும், உபயோகிக்காததை நீக்கிவிடு என்றார்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பட்டாளமே இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் அர்த்தமே இல்லாமல் இரண்டு மூன்று தமிழ் எழுத்துகள். 'டிபஞ' என்று ஒன்று. 'யழூ' என்று ஒன்று. தமிழில் இப்படி ஒரு வார்த்தை உண்டா? நிச்சயம் வைரஸ்தான் என்று முடிவு செய்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டு. அவை குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் நேராக மேலோகம் போய்விடும் என்று அந்தச் சிரித்த முகக்காரர் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, திரும்பப் போட்டேன். பறந்தது! வட்டம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. பாசார் பையோடு வந்த அத்தைக்கு மறுபடி போட்டுக் காட்டினேன்.

"அட, இது நம்ம கம்ப்யூட்டர்தானா?" என்றார் அத்தை. நாற்காலியிலிருந்து எழப்போன என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "பரவால்ல, நீயே உக்காரு. அந்த அண்ணன் வந்தா நீயே தொறந்து காட்டு."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சித்திக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அண்ணன் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். பத்திரிகையைத் திறந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பிள்ளையார் படம் அழகாக இருந்தது. குத்துவிளக்கும் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. அது இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும், கமாவும், அரைப்புள்ளியும், நடுவில் ஒரு டாலர் குறியும்.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "என் மக பேரு எங்கம்மா?"

நான் ஓர் இடத்தைக் காட்டினேன்.

"அலாமாக்! இங்க கமாவுக்கும் புள்ளிக்கும்ல கல்யாணம் நடக்குது!"

அத்தை திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எத தொட்ட?"

"குப்பையத்தான் அத்தை... ஏதோ அர்த்தமில்லாத எழுத்தா இருந்துச்சு..."

"அந்தக் குப்பையிலதான் நான் இத்தனை வருஷமா சோறு திங்கிறேன்."

விஷயம் இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டவை. சட்டையை நான் கழற்றி எறிந்துவிட்டேன். ஒரு பத்திரிகை மட்டுமல்ல, அத்தை சேர்த்து வைத்திருந்த எல்லாத் திருவிழாவும் எல்லாக் கல்யாணமும் அம்மணமாக நின்றன. பின்பக்கம் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நாற்காலி போனது போகட்டும், ஒரு பெண்ணின் கல்யாணப் பத்திரிகை என்னால் நிற்கிறதே.

அங்கிருந்தே அத்தை போன் பேசுவது கேட்டது. "செல்வமா? ...நான்தான்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். செல்வம் அண்ணன் முன்பு அத்தையிடம் வேலை பார்த்தவர். போகும்போது கடையின் ஃபாண்ட்கள் அத்தனையையும் சொல்லாமல் காப்பி எடுத்துக்கொண்டு போய், நாலு தெரு தள்ளித் தனிக்கடை போட்டவர். அன்றிலிருந்து அவர் பெயரை எடுத்தாலே அத்தை சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவார் என்று என் கணவர் எச்சரித்திருந்தார்.

செல்வம் அண்ணன் ஆள் அனுப்பவில்லை. அவரே மோட்டோவில் வந்தார். இதை நேரில் பார்க்கும் பாக்கியத்தை யார் விடுவார்? திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

"அன்னைக்குக் களவாண்டது எல்லாம் இருக்கா?" என்றார் அத்தை.

"களவாண்டது இல்லக்கா. பத்திரமா வச்சிருந்தேன் லா."

அத்தை உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஃபாண்ட்கள் ஏறியதும் கம்ப்யூட்டர் பழையபடி வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எல்லாரும் நின்று காத்திருந்தோம். மெதுவாக, ஒவ்வொரு வரியாக, தமிழ் வந்தது. "மெதுவா வந்தாலும் என் மக பேரு வருதுல்ல" என்று அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். செல்வம் அண்ணனும் கூடவே இருந்து அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் கடைப்பக்கம் போகவில்லை. அத்தை போன் செய்தார். "ஏன் வரல? மஞ்சள் தடவ ஆளில்ல." வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜையில்தான் தீர்ப்பு கிடைத்தது. அச்சு மெஷின், காகிதம் வெட்டும் கத்தி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தோம். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். செல்வம் அண்ணனும் குடும்பத்தோடு வந்திருந்தார். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நேராக என்னிடம் வந்து, "ரெண்டு கையையும் நீட்டு" என்றார். என் புறங்கைகளில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். "இது ரெண்டும் அடங்கி இருந்தா கடை தானா ஓடும்." செல்வம் அண்ணன் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். கம்ப்யூட்டர்கூட மாறிவிட்டது. போன வருஷம் அத்தைக்கு முட்டி வலி, எழுந்து நிற்க முடியவில்லை. பூஜைக்கு வேறு யாராவது பொட்டு வைக்கட்டும் என்று என் கணவர் சொன்னார்.

"மெஷினுக்கெல்லாம் யாரு வேணா வைங்க" என்று உட்கார்ந்தபடியே கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார் அத்தை. "நீ இங்க வா, கைய நீட்டு."

நீட்டினேன்.